இல்லறமும் ஊர்நலமும்: பழவேற்காட்டு ஏரிக்கரையை முன்வைத்து ஓர் அறவியல் ஆய்வு

குடும்பத்தின்மீது ஒருவர் கொள்ளும் பற்றும் ஊருக்கு அவர் ஆற்றும் தொண்டும் ஒரே அறத்தின் இரு நிலைகளா, அல்லது ஒன்று வளர மற்றொன்று தேய்ந்தே தீர வேண்டுமா என்பது அறவியலின் பழைய கேள்விகளுள் ஒன்று. கிரேக்க மெய்யியலாளர் பிளேட்டோ தம் 'குடியரசு' நூலில், நாட்டைக் காப்பவர்களுக்குத் தனிக்குடும்பமும் தனிச்சொத்தும் கூடாது என்று வரையறுத்தார். தனது என்னும் எண்ணம் உள்ளவரை நடுவுநிலை கைகூடாது என்பது அவர் கருத்து. அவருடைய மாணவர் அரிஸ்டாட்டில் இதை மறுத்து, எல்லாருக்கும் பொதுவான பிள்ளையை எவரும் கருத்தாகப் பேண மாட்டார் என்று வாதிட்டார். தமிழ் மரபிலும் இவ்விரு குரல்களும் உண்டு: அனைத்தையும் துறந்த பட்டினத்தார் ஒரு பக்கம் நிற்க, இல்லறத்திலேயே அறத்தின் தொடக்கத்தைக் கண்ட வள்ளுவர் மறுபக்கம் நிற்கிறார்.

வள்ளுவரின் நிலைப்பாடு திருக்குறளின் அமைப்பிலேயே வெளிப்படுகிறது. உடன் வாழ்வோருக்கு உதவுவதைத் தன் கடமையாகக் கொள்ளும் பண்பே ஒப்புரவு. அதைப் பேசும் 22-ஆம் அதிகாரத்தைத் துறவறவியலிலோ அரசியலிலோ சேர்க்காமல், மனைவியையும் மக்களையும் பேசிய அதே இல்லறவியலில் அவர் வைத்தார். அங்கு அவர் காட்டும் உவமைகளுள் ஊர்க்குளம், குடியிருப்பின் நடுவே கனிந்து நிற்கும் மரம், மருந்தாக உதவும் மரம் ஆகிய மூன்றும் நிலத்தில் நிற்பவை, எவரும் அணுகத்தக்கவை. வீட்டுக்குள் பிறக்கும் அன்பு ஊரைச் சென்றடைய இடையில் ஒரு நிலம் வேண்டும் என்பது இவ்வுவமைகளிலிருந்து பெறத்தக்க கருத்து. நிலத்தை வடிவமைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவரின் வாழ்வு இக்கருத்தைச் சோதித்துப் பார்க்கப் பொருத்தமானது.

ஸ்காட்லாந்தில் 1854-இல் பிறந்த பேட்ரிக் கெட்டிஸ் உயிரியல் பயின்று நகரமைப்புக்கு வந்தவர். பூங்கா, தெரு, நீர்நிலை, குடியிருப்பு ஆகியவற்றை ஒருசேரக் கண்டு திட்டமிடும் நிலவடிவமைப்பைப் பிரிட்டனில் தொழிலாக நிலைநிறுத்திய முன்னோடிகளுள் ஒருவர். 1886-இல் அன்னா மார்ட்டனை மணந்த அவர், எடின்பரோவின் பழைய நகரில் நெரிசலும் அழுக்கும் மிகுந்த ஜேம்ஸ் கோர்ட் என்னும் முற்றத்தில் மனைவியோடு குடியேறி, அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு சுவர்களுக்கு வெள்ளையடித்து, சன்னல்களில் செடித்தொட்டி வைத்துச் சீர்திருத்தத்தைத் தம் வாசலிலிருந்தே தொடங்கினார். பிள்ளைகள் மூவரின் இளமைக் கல்வி வீட்டையும் தோட்டத்தையும் சுற்றியே அமைந்தது. மகள் நோரா பின்னாளில் அதே பழைய நகரின் வெற்றிடங்களைக் குழந்தைகளுக்கான தோட்டங்களாக்கும் பணியில் ஈடுபட்டார். இளைய மகன் ஆர்தர் வங்காளத்தில் தாகூரின் ஸ்ரீநிகேதன் ஊரகப் பணியில் பங்குகொண்டார்.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் லெ பிளே சமூகத்தை இடம், தொழில், குடும்பம் என்னும் மூன்றின் வழியே ஆராய்ந்தார். கெட்டிஸ் அம்முறையை ஏற்று, குடும்பம் நின்ற இடத்தில் மக்கள் என்பதை வைத்தார். அவர் வாழ்வைப் பார்க்கும்போது, குடும்பத்தை அவர் நீக்கவில்லை, விரித்தார் என்று கொள்வதே பொருந்தும். மலையுச்சியிலிருந்து கடல்வரை ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கை நெடுக்காகக் காட்டும் அவருடைய வரைபடத்தில் சுரங்கத் தொழிலாளி, மரம் வெட்டுபவர், வேட்டுவர், ஆயர், உழவர் ஆகியோர் வரிசையாக வர, கடலோரத்தில் மீனவர் நிற்கிறார். திணைக் கோட்பாட்டை அறிந்த தமிழர்க்கு இது அந்நியமன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள், அந்நிலத்துக்குரிய தெய்வம், உணவு, தொழில் முதலியன கருப்பொருள், அங்கு வாழ்வோரின் அகவொழுக்கம் உரிப்பொருள் என வகுக்கும் தொல்காப்பிய மரபில், தலைவனின் பிரிவை எண்ணி வருந்தும் இரங்கல்கூடக் கடலும் கடல்சார்ந்த இடமுமாகிய நெய்தலை விட்டுத் தனித்து நிற்பதில்லை. திணை மனித உள்ளத்தை நிலத்தில் ஊன்றிக் காட்டுகிறது என்றால், கெட்டிஸ் அதே நிலத்திலிருந்து ஊரின் பொறுப்புகளை வகுக்க முயன்றார்.

அம்முயற்சி தமிழ்நாட்டு ஊர்களிலும் நடந்தது. சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று 1914-இல் கெட்டிஸ் இந்தியா வந்தபோது, அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் மூழ்கடித்தது. புதிதாகத் திரட்டிய படங்களைக் கொண்டு 1915-இல் சென்னையில் கண்காட்சி நடந்தது. மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களைப் பற்றிய அவருடைய அறிக்கைகள், நெரிசலைக் காரணம் காட்டி நேர்க்கோட்டுச் சாலைக்காக வீடுகளை வரிசையாக இடிக்கும் வழக்கத்தைக் கண்டித்தன. பாழடைந்த சில கட்டடங்களை மட்டும் அகற்றி, கிடைத்த வெளியில் மரம் நட்டு, குடியிருப்போரை அவர்கள் இடத்திலேயே வாழவிடும் தம் முறையை, உடலைக் காப்பாற்றச் செய்யும் அறுவை மருத்துவமாக அவர் விளக்கினார். கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பதையும் எதிர்த்து, மீனும் வாத்தும் விட்டால் கொசுப்புழு ஒழியும், குளமும் மிஞ்சும் என்றார்.

இப்பணிக்கான விலையில் பெரும்பங்கைக் குடும்பம் கொடுத்தது. எடின்பரோவின் பழைய நகரில் வீடுகளைப் புதுப்பித்த காலத்திலேயே கடன் பெருகியது. அந்தச் சுமையில் அன்னாவுக்கும் பங்கு இருந்தது. 1917 ஏப்ரலில் மகன் அலஸ்டேர் பிரான்சுப் போர்முனையில் கொல்லப்பட்டார். இந்தியாவில் காய்ச்சலில் கிடந்த அன்னா அச்செய்தியை அறியாமலே அதே ஆண்டில் இறந்தார். கெட்டிஸ் பணியை நிறுத்தவில்லை: 1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்து, 1932-இல் பிரான்சில் காலமானார். தொண்டைத் தேர்ந்தவர் ஒருவர், சுமையைத் தாங்கியவர் மற்றொருவர் என்றால், அதை இல்லறத்தின் விரிவு என்று சொல்லலாகுமா என்ற ஐயம் இங்கு எழுகிறது. அன்னா தாமே விரும்பி அப்பணியில் தோள் கொடுத்தவர் என்பது இதற்கு ஒரு பகுதி விடையே அன்றி முழு விடை அன்று.

இதே கேள்வி ஆரம்பாக்கம் முதல் பழவேற்காடு வரையுள்ள ஏரிக்கரைக் குப்பங்களில் வேறு வடிவில் நிற்கிறது. சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு, ஸ்ரீஹரிகோட்டாத் தீவால் வங்கக் கடலிலிருந்து பிரிக்கப்பட்டு, பழவேற்காட்டு முகத்துவாரத்தின் வழியே கடலோடு கலக்கிறது. முகத்துவாரத்தை அடுத்த, பட்டினவர் என்னும் மீனவச் சமூகத்தாரின் குப்பங்களில் 'பாடு' என்னும் முறை உண்டு. ஏற்ற இறக்க நீரோடு இறால் நகரும் வழியில் வலை கட்டும் இடங்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஓரிடத்தில் வலை நிறையும், மற்றோரிடத்தில் செய்த செலவுக்கும் தேறாது. ஆகவே எந்த இடமும் எவருக்கும் நிலையான சொத்தாகாமல், தலைக்கட்டு எனப்படும் குடும்ப உரிமையின் அடிப்படையில் முறை வைத்து மாறி மாறி வருகிறது. நிலம் வைத்த ஏற்றத்தாழ்வைக் காலத்தால் பங்கிட்டுத் தீர்க்கும் இவ்வேற்பாட்டில், தன் பிள்ளைக்குச் சோறு தேடும் தகப்பனே அடுத்த வீட்டாரின் முறைக்கும் காவலாகிறார்.

எனினும் பாடு முறையின் நியாயம் ஒரு சமூகத்தின் எல்லையோடு நின்றுவிடுகிறது. ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, ஆழமற்ற நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கு அந்த வரிசையில் இடமில்லை. ஆனால் முகத்துவாரத்தை மணல் அடைத்தால், வரிசையில் உள்ளவர், இல்லாதவர், வடக்கே ஆரம்பாக்கம் பக்கத்துக் கரையில் உள்ளவர் ஆகிய எல்லாரும் மீனின்றித் தவிக்க நேரும்.

கெட்டிஸின் வாழ்வும் பாடு முறையும் சேர்ந்து தரும் முடிவு இதுவே: குடும்பப் பற்று பொதுநலத்துக்குப் பகையன்று, ஆனால் அது தானாகவே பொதுநலம் ஆகிவிடுவதுமில்லை. உறவல்லாத ஒருவருக்கும் அது இடம் விடும்போதும், அதன் சுமை வீட்டிலுள்ள ஒருவர்மேல் மட்டும் விழாதபோதுமே அது அறமாகிறது. இக்கரைக்கு இனித் திட்டம் வரைபவர் எவராயினும், பாடு வரிசையில் யார் இருக்கிறார் என்பதோடு யார் இல்லை என்பதையும் கேட்டறிந்த பிறகே வரைபடத்தில் கோடு இழுக்க வேண்டும்.