வழித்துணையும் வண்ணத்திரையும்

நெடுந்தொலைவுப் பயணத்தில் சின்னஞ்சிறு குழந்தையின் கையில் கைபேசியைக் கொடுத்துப் படம் காட்டலாமா? காட்டினால் எத்தகைய படத்தைக் காட்டுவது? ஈரோட்டில் என்னிடம் ஓத வரும் பிள்ளைகளின் தாய்மார்கள் அண்மைக் காலமாக இக்கேள்வியைக் கேட்கின்றனர். "பொம்மைப் படம்தானே ஹஜ்ரத், இது பாவமா?" என்பார் சிலர். ஆகும், ஆகாது என்று ஒரே சொல்லில் தீர்த்துவிடக்கூடிய வினாவன்று இது. அப்படத்தை நாம் யாருக்காகக் காட்டுகிறோம் என்பதே இங்கு முதலில் ஆராயத்தக்கது.

இதனை நான் கிதாபுகளில் கற்கவில்லை; என் பேரனிடம் கற்றேன்.

சென்ற ஆண்டு உறவினர் இல்லத் திருமணத்திற்காக மகள், மருமகன், மூன்று வயதுப் பேரன் ஆகியோருடன் நாகூருக்குக் காரில் புறப்பட்டேன். கரூர், திருச்சி, தஞ்சை வழியே ஏறத்தாழ ஆறு மணி நேரப் பயணம். கொடுமுடியைத் தாண்டுமுன்னரே குழந்தை சிணுங்கத் தொடங்கினான். "கொஞ்ச நேரம் போனைக் கொடுங்க அத்தா" என்றாள் மகள். கொடுத்தேன். அழுகை அக்கணமே அடங்கிற்று. நாங்கள் திருமணச் செய்திகளில் மூழ்கினோம். குளித்தலையில் காவிரியும் வாழைத் தோட்டங்களும் கடந்து போயின. திருச்சியில் மலைக்கோட்டை தெரிந்தது. "அங்கே பார்!" என்றேன். அவன் தலை நிமிரவில்லை. கைபேசியை வாங்க முயன்றபோது வீறிட்டு அழுதான். மீண்டும் கொடுத்தோம். தஞ்சையை அடையுமுன் வாந்தியெடுத்தான்.

அவன் சட்டையைத் துடைக்கையில் என் மனம் என்னைக் குத்திற்று. அவனுக்கு ஒன்றைக் கொடுத்ததாகவே நான் எண்ணியிருந்தேன். உண்மையில் நான் பெற்றுக்கொண்டது எனக்கான அமைதியை. அதற்கு விலை தந்தவன் அக்குழந்தை.

காட்சி காண்பதே குற்றம் என்று கூற நான் துணியேன். பெருநாளன்று பள்ளிவாசலில் அபிசீனியர் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியபோது, இளம் வயதினரான ஆயிஷா நாயகியாரை அதனைக் காண நபிகள் நாயகம் (ஸல்) அனுமதித்தார்கள். அதுமட்டுமன்று, அம்மையார் தாமே சலித்துப் போதுமென்னும்வரை அன்னார் அருகிலேயே நின்றிருந்தார்கள். இதில் நமக்கு இரு படிப்பினைகள் உள. காண்பவர் தனித்து விடப்படவில்லை என்பது ஒன்று. அவர் தாமாகவே போதும் என்று விலக முடிந்தது என்பது மற்றொன்று. இன்றைய கைபேசிப் படங்களிற் பல இவ்விரண்டையும் பறித்துவிடுகின்றன. ஒன்று முடியுமுன் அடுத்தது தானே தொடங்குகிறது. போதும் என்று சொல்லக் குழந்தைக்கு இடமே இல்லை.

அறிவியலும் இதற்கு அரண் செய்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2011ஆம் ஆண்டில் நான்கு வயதுக் குழந்தைகள் 60 பேரைச் சோதித்தனர். காட்சிகள் விரைந்து மாறும் கேலிப்படத்தை ஒன்பதே நிமிடம் கண்ட குழந்தைகள், நிதானமான படத்தைக் கண்டோரையும் படம் வரைந்துகொண்டிருந்தோரையும்விடக் கவனத்திலும் தன்னடக்கத்திலும் பின்தங்கினர். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட நெறிமுறை, இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரை வேண்டாம் என்கிறது. இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது, குறைவாயின் அதுவே நன்று என்கிறது. வாந்திக்கும் காரணம் உண்டு. ஓடும் வண்டியின் அசைவைக் காதின் உட்பகுதி உணர்கிறது; திரையில் நிலைத்த கண்ணோ அசைவில்லை என்கிறது. இம்முரண்பாடே குமட்டலாகிறது.

ஆகவே படத்தைத் தேர்வோர் ஓசையும் வண்ணமும் ஆர்ப்பரிக்காததைத் தேர்க. ஒரே கதை, நிதானமான பேச்சு, தெளிவான முடிவு உடையதாக அது இருக்கட்டும். புறப்படுமுன்னரே பதிவிறக்கிக்கொண்டால் விளம்பரங்கள் குறுக்கிடா. தானே அடுத்த படத்திற்குத் தாவும் வசதியை நிறுத்திவிடுக. வண்டி நின்றிருக்கும் வேளையில் காட்டுவது இன்னும் நன்று. எல்லாவற்றினும் மேலாக, பெரியவர் ஒருவர் உடனிருந்து காண்க. இரவெல்லாம் கண்விழித்த தாய் சற்றே இளைப்பாற அரைமணி நேரம் படம் காட்டினால் அவளைப் பழிப்பது அறமன்று. அவள் மடியிலுள்ள குழந்தையை அவ்வேளையில் ஏந்திக்கொள்ளாத ஏனையோரே பழிக்குரியோர்.

திரும்பும் வழியில் நாங்கள் அவ்வாறே செய்தோம். தஞ்சையில் தேநீருக்கு நின்றபோது மெதுவாகச் செல்லும் ஒரு கதையைப் பேரனும் நானும் சேர்ந்து பார்த்தோம். கதை முடிந்தது, கைபேசியைப் பைக்குள் வைத்தேன். சிணுங்கினான், மறுக்கவில்லை. ஆனால் சிறிது நேரத்தில் லாரிகளை எண்ணத் தொடங்கினான். குளித்தலையருகே காவிரியைக் கண்டதும், "நன்னா, இந்த ஆறு எங்கே போகுது?" என்றான். "நாம் போய்வந்த ஊர்ப் பக்கம்தான், அந்த நீரில் ஒரு பகுதி வெட்டாறாகி நாகூர் அருகே கடலில் சேருகிறது" என்றேன். "அப்போ ஆறும் கல்யாணத்துக்குப் போகுதா?" என்றான். வண்டியில் இருந்தோர் அனைவரும் சிரித்தோம்.

போகும்போதும் அதே ஆறு அதே இடத்தில்தான் ஓடியது. கேட்கவேண்டிய கேள்வியும் அப்பிஞ்சு உள்ளத்தில் இருந்திருக்கும். அதனை நாங்களே வாயடைத்து வைத்திருந்தோம்.

குழந்தை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா'வில் விளக்குகிறார். அமானிதத்தை உடையாமல் வைத்திருந்தால் மட்டும் போதாது. அதனை மறவாமலும் இருத்தல் வேண்டும். அடுத்த முறை கைபேசியை நீட்டுமுன், "இவனை மகிழ்விக்கிறேனா, மறக்கிறேனா?" என ஒருகணம் நம்மையே கேட்டுக்கொள்வோம். நம் நிய்யத்தை வல்ல அல்லாஹ் சீராக்குவானாக.