மொழிபெயர்க்கும் மகன்

1986 ஆகஸ்ட் மாதத்தில், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழரை அப்பகுதி மீனவர்கள் கண்டு காப்பாற்றினர். அதற்கு முன்பே, 1979, 1980 ஆம் ஆண்டுகளில், வியட்நாம் முதலிய நாடுகளிலிருந்து தப்பி வந்த ஏறத்தாழ 60,000 பேரைக் கனடா ஏற்றிருந்தது. ஏதிலியர்க்கு ஆற்றிய தொண்டுக்காக 1986 ஆம் ஆண்டின் நான்சென் விருது கனடிய மக்கள் அனைவருக்குமாக வழங்கப்பட்டது. கரை சேர்ப்பது பேரறம். ஆனால் கரை சேர்ந்தபின் ஒரு குடும்பத்தின் நான்கு சுவர்களுக்குள் எழும் அறக்கேள்விகளுக்குச் சாட்சிகள் இல்லை. அவற்றுள் ஒன்றை இங்கே சிந்திப்போம்.

1990களில் டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் குடியேறிய ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தை மனக்கண்முன் நிறுத்துவோம். தந்தை இரவெல்லாம் உணவகமொன்றில் கோப்பை கழுவுகிறார். ஆங்கிலம் அவருக்கு வசப்படவில்லை. எனவே பன்னிரண்டு வயதிலேயே மகன் வீட்டின் வாயாகிறான். மருத்துவரிடமும் வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் அவனே பேசுகிறான். "பிள்ளை பெரிய மனிதனாகிவிட்டான்" என்று உறவினர் மெச்சுகின்றனர். உண்மையில் ஆகிவிட்டானா?

மூன்றாண்டுகள் கழிகின்றன. பள்ளியில் பெற்றோரைச் சந்திக்கும் நாள். மகன் கணிதத்திலும் அறிவியலிலும் பின்தங்குகிறான் என்றும், மரவேலையில் அவன் கைத்திறன் வியப்புக்குரியது என்றும் ஆசிரியர் சொல்கிறார். தந்தை மகனைப் பார்க்கிறார்.

"என்ன சொல்லுறார், தம்பி?"

"நான் நல்லாப் படிக்கிறன் எண்டு சொல்லுறார், அப்பா."

தந்தை முகம் மலர்ந்து ஆசிரியரின் கைகளைப் பற்றி நன்றி சொல்கிறார்.

இம்மகனைப் பொய்யன் என்று சொல்லிவிடுவது எளிது. அத்தந்தையைப் பேராசைக்காரர் என்பதும் எளிது. இரண்டும் நீதியன்று. 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்குக் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தல், மருத்துவராகவும் பொறியியலாளராகவும் வரக் கனவு கண்ட தமிழ் மாணவர் பலருக்குக் கதவடைத்தது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1983 இன் கலவரம் ஆயிரமாயிரம் பேரை நாட்டைவிட்டே துரத்தியது. "நீ டொக்டராக வரவேணும்" என்ற சொல்லுக்குள் இத்தனை இழப்பும் அடங்கியிருக்கிறது. அதை மகனும் அறிவான். அவன் பொய் சொன்னது அச்சத்தால் மட்டுமன்று, இரக்கத்தாலுந்தான்.

இந்நிலையில்தான் நண்பன் வருகிறான். அவன் வியட்நாமிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. இருவருக்கும் பொதுவாயிருப்பது, இரு வீட்டாருக்கும் புரியாத மூன்றாவது மொழி. நடந்ததைக் கேட்டு அவன் சிரித்திருக்கலாம், தந்திரத்தைப் பாராட்டியுமிருக்கலாம். அவன் சொன்னது வேறு: "நானும் என் அம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன். அவர் நம்பிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். நீயாவது சொல்லிவிடு."

தந்தைக்கும் மகனுக்கும் இடையே அயலான் புகலாமா என்று நாம் வினவக்கூடும். திருவள்ளுவர் நட்பைப்பற்றி ஐந்து அதிகாரங்கள் வகுத்தார். அவற்றுள் இரண்டு தகாத நட்பைப் பற்றியவை. ஆகவே இந்த ஐயம் புதியதன்று. ஆயினும், நெறி தவறும்போது இடித்துரைப்பதையே நட்பின் கடனாக அவரும் கண்டார். மகனை வீட்டிலிருந்து பிரித்துக்கொண்டுபோகும் நட்பும் உண்டு. அவனைத் தந்தையிடமே திருப்பி அனுப்பும் நட்பும் உண்டு. பின்னதை அஞ்ச வேண்டியதில்லை.

கீழ்ப்படிந்தால் பிள்ளை வளர்ந்துவிட்டான் என்று பெற்றோர் எண்ணுகிறோம். எதிர்த்து நின்றால் வளர்ந்துவிட்டோம் என்று பிள்ளைகள் எண்ணுகின்றனர். கீழ்ப்படிபவன் பொய்யிலேயே வாழ்ந்துவிடலாம். எதிர்ப்பவன் கதவை அறைந்து சாத்திவிட்டு, தான் விளைத்த வேதனையைக் காணாமலே போய்விடலாம். பிறர் சொல்லை மொழிபெயர்க்க இரண்டு மொழிகள் போதும். தன்னைப்பற்றிய உண்மையைத் தாய்மொழியிலேயே தந்தைக்குச் சொல்லவும், அவர் முகம் வாடும்போது எழுந்து போகாமல் அருகில் அமர்ந்திருக்கவும் முதிர்ந்த நெஞ்சு வேண்டும். சிறுவன் மனிதனாவது அந்த அமர்விலேதான் என்று நாம் கருதுகிறோம்.

தந்தைக்கும் கடமை உண்டு. தான் இழந்ததற்கு மகனை ஈடாகக் கேளாதிருப்பது அது. யாழ்ப்பாணத்துப் பெற்றோர் மகனைத் 'தம்பி' என்று அழைப்பது வழக்கம். ஒருநாள் அவன் தம்மருகே தோளோடு தோளாக நிற்பான் என்பதை அச்சொல் முன்னரே அறிந்து வைத்திருக்கிறது போலும்.

கடல் கடவாத நம் வீடுகளிலோ எல்லோரும் ஒரே மொழியைத்தான் பேசுகிறோம். ஆயினும், "எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, அப்பா" என்று நம் பிள்ளைகள் சொல்லும்போது, அவர்கள் எதை மொழிபெயர்க்காமல் விட்டுவிடுகிறார்கள்? நாம் கேட்டதுண்டா?