எந்த ஊருக்கு அஞ்சுவது?

மனநல வார்டில் இருக்கிறவரிடம் தற்கொலையைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறார்கள். வருகிற பதில் அவருடைய கருத்தா, நோயின் அறிகுறியா? கேட்பவர் கையில்தான் வீட்டுக்கு அனுப்பும் சீட்டும் இருக்கிறது. "சாவறது தப்புங்க சார்" என்றால் வீடு, இல்லாவிட்டால் இன்னும் பத்து நாள். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துச் சேரிகளிலிருந்து போய்ப் படுத்திருக்கிற நம்ம சனத்துக்கு இது தெரியாதா? ஆண்டை முன்னால் எதைச் சொல்ல வேண்டும் என்று தலைமுறையாய்ப் பழகியவர்கள்.

சட்டமும் அவர்களை மிரட்டியே வைத்திருந்தது. சாக முயன்றவரைக் குற்றவாளியாக்கிய 309-ஆம் பிரிவு செல்லாது என்று 1994-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 1996-இல் செல்லும் என்றது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம்தான் அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதச் சொன்னது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நியாய சன்ஹிதாவில் 309 இல்லை. ஆனால் அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கச் சாக முயன்றால் 226-ஆம் பிரிவில் குற்றம். கலெக்டர் ஆபீசு வாசலில் மனுவோடு நிற்கிறவர்களுக்கென்றே எழுதியதுபோல!

அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹானும் சகாக்களும் 1983-இல் ஒரு வினாப்பட்டியல் வெளியிட்டார்கள். சாகாமல் இருக்க 48 காரணங்கள்: பிள்ளைகள், குடும்பம், சமாளிக்கலாம் என்ற நம்பிக்கை, சாவு பயம், அறம். சாவதைக் கேட்காமல் வாழ்வதைக் கேட்பதால் எனக்கு அது பிடிக்கும். ஆனால் பிறர் தப்பாகப் பேசுவார்களே என்ற அச்சத்தையும் ஒரு காரணமாக வைத்திருக்கிறார்கள். அங்கேதான் இடிக்கிறது. ஊர்த்தெருக்காரருக்கு அது ஒரு கட்டு. காலனிக்காரரை அவர் பிறந்த அன்றே ஊர் பேசி முடித்துவிட்டதே. 'முக்கியமில்லை' என்று அவர் குறித்தால், பிடிப்பு ஒன்று குறைவு என்று கணக்கு. ஊரை மதிக்காத தெம்பு என்று ஏன் படிக்கக் கூடாது?

உறவுக்காரப் பெண்ணுக்குத் துணையாக ஒரு வார்டில் இருந்தபோது பக்கத்துக் கட்டில் அம்மா சொன்னார்: "இன்னான்னாவோ கேக்குறாங்க. எம் பசுவ இப்ப யாரு கறக்குறாங்கன்னு ஒருத்தரும் கேக்கல." நாற்பத்தெட்டில் பசுமாடு கிடையாது.

மாத்திரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தூங்கி எழுந்ததும் சாவு நினைப்பு தணிந்தவர்கள் உண்டு. சாதி ஒழிந்த பிறகுதான் தூங்குவது என்றால் யார் தூங்குவது?

2016-இல் ரோகித் வெமுலா, 2017-இல் அனிதா. அந்த அநீதியைப் பேசியே ஆக வேண்டும். ஆனால் மேடையில் சாவையே தியாகம் என்று முழங்கும்போது, அதை வார்டிலிருந்து கேட்கிற பிள்ளைக்கு என்ன போய்ச் சேருகிறது? உயிரோடு இருந்தால் நாதியில்லை, செத்தால் பேனர் என்றா? சாவுக்கு வேன் பிடித்துப் போகிறோம். வார்டிலிருந்து திரும்பியவர் வீட்டுக்கும் ஒரு தோழர் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசலாம். ராத்திரியில் மனசு தாங்காவிட்டால் கூப்பிட 104, 14416 என்ற எண்களைச் செவுத்தில் எழுதிவிட்டு வரலாம்.