உடையானும் உடைமையும் : மரணசாசனம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

மக்கள் தம் வாழ்நாளில் எழுதும் ஆவணங்கள் பலவற்றுள்ளும், எழுதினார் இறந்த பின்னரே பயன்படத் தொடங்குவது மரணசாசனம் ஒன்றே. இதனை உயில் என உலகினர் வழங்குவர். விலைப்பத்திரம் எழுதினவன் உயிரோடிருந்து விலை பெறுகின்றான். தானபத்திரம் எழுதினவன் பொருள் பிறர் கைச் செல்லுதலைத் தன் கண்ணாற் காண்கின்றான். உயில் எழுதினவனோ, தான் இல்லாத ஓர் உலகில் தன் சொல் நடத்தல் வேண்டுமென விரும்புகின்றான். இவ்விருப்பம் சைவ சித்தாந்தத்தோடு பொருந்துமா, பொருந்தாதா என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருளாம்.

ஐயம் நிகழ்தற்குக் காரணம் வெளிப்படை. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும், அநாதியே ஆணவமலத்தாற் பிணிப்புண்ட உயிர்கள் அம்மலம் பரிபாகமுற்று உய்தற்பொருட்டு, முதல்வன் மாயையினின்றும் தோற்றுவித்து உதவியன என்பது சித்தாந்தத் துணிபு. உடம்பே இரவற்பொருளாயின், அவ்வுடம்பால் ஈட்டிய வீடும் நிலமும் பொன்னும் யாருடையன? ‘எனது’ என்னும் சொல் ஆணவத்தின் குரலன்றோ? அதனை இறக்குங் காலத்தும் விடாது, ‘என் சொத்துக்களை இன்னார் இன்னவாறு அனுபவிக்கக் கடவர்’ என்று எழுதி ஒப்பமிடுதல், கட்டுண்ட உயிர் தன் கட்டினைத் தானே முறுக்கிக் கொள்வதாகாதோ? இனி, எழுதாது விடின், ஒரு தாய் வயிற்றுப் பிறந்தார் நீதிமன்றத்திற் பகைவராய் எதிர்நிற்றலை நாடோறும் காண்கின்றோம். எழுதினும் குற்றம், எழுதாவிடினும் குற்றம் என்பதுபோலத் தோன்றும் இவ்விடரை எங்ஙனங் கடப்பது?

விடையிறுப்பார் இருதிறத்தர். ஒருசாரார், ‘எல்லாம் ஈசன் செயல், நாம் எழுதுவது எற்றுக்கு?’ என்பர். இது துறவுபோலத் தோன்றும் மடியேயாம். இங்ஙனம் கூறுவார், விதைக்குங் காலத்தும் வட்டி வாங்குங் காலத்தும் ஈசன் செயலென்று கைகட்டி இருந்திலர். அன்றியும், உயிலின்றி இறந்தவன் பொருள் நேரே ஈசனிடம் சென்று சேர்வதில்லை. சட்டம் வகுத்த வழியே செல்லும். இந்திய நாட்டு இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டப்படி, இறந்த ஆடவனுடைய புதல்வர், புதல்வியர், மனைவி, தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகளாய் ஒருங்கே பங்கு பெறுவர். முறை நன்றே. ஆயினும், மக்களுள் அறிவு நிரம்பாதவன் எவன், நோயுற்ற பெற்றோரைப் பல்லாண்டு பேணித் தன் வாழ்வை இழந்தவள் எவள், ஏற்கெனவே வேண்டுவன பெற்றவன் எவன் என்பன சட்டத்திற்குத் தெரியா. அவற்றை அறிந்தவன் தந்தையே. அறிந்தும் வாளா இருந்து இறத்தலும் ஒரு செயலே. அதனால் விளையும் துன்பத்தில் அவனுக்கும் பங்குண்டு.

மற்றொருசாரார், ‘யான் வருந்தி ஈட்டியது, என் மனம்போற் செய்வேன்’ என்பர். தானே ஈட்டிய பொருளில் இவ்வுரிமையைச் சட்டம் தருகின்றது. சட்டம் தரும் உரிமையெல்லாம் அறமாய்விடா. இத்தகையார் எழுதும் உயில்களை நோக்குமின்: தன் சொற்கேளாத மகனுக்கு ஒரு காசும் இல்லை யென்பது ஒன்று, சாதி கடந்து மணந்த மகள் வாயிலையும் மிதித்தல் கூடாதென்பது மற்றொன்று. உடம்பு வெந்து நீறான பின்னும் அவர்தம் ஆணவம் வேகவில்லை என்பதற்கு அவ்வெழுத்தே சான்றாய் நிற்கின்றது.

இவ்விரு கூற்றும் பொருந்தாவாயின், பொருந்துவது யாது? அதனை நம் அடியார் வரலாறே உணர்த்தும். புத்தூரில் நம்பியாரூரர் திருமணப் பந்தரில் முதிய வேதியராய் வந்த பெருமான், ‘இவன் எனக்கு அடிமை’ என்று வழக்குரைத்தனர். காட்டிய ஓலையை நம்பிகள் பறித்துக் கிழித்தனர். அது படியோலையே, மூல ஓலை தம்மிடம் உளதென்று முதியவர் வழக்கைத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குக் கொண்டு சென்றனர். அவையத்தார் நெடுநாள் வழக்கமோ, எழுத்தோ, கண்டார் சொல்லோ ஒன்றனாற் காட்டுக என்றனர். ஓலையை வாங்கிப் படிப்பித்தனர். சாட்சிகள் இட்ட ஒப்பங்களை ஆராய்ந்தனர். பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வருவித்துக் கையெழுத்தை ஒத்துப் பார்த்தனர். பின்னரே, பாட்டனார் தம்மையும் தம் வழியில் வருவாரையும் அடிமையாக எழுதிக் கொடுத்தது மெய்யென்று தீர்ப்பளித்தனர்.

இவ்வரலாற்றை நாம் பன்முறை படித்துளோம். ஆயின், அங்கே பாட்டன் பேரனுக்கு விட்டுச் சென்ற உரிமைப்பொருள் யாதென்று எண்ணியதுண்டா? நிலமன்று, பொன்னன்று; தாம் ஓர் உடையானுக்கு உடைமை என்னும் உறவே அது. உயிர் உடைமை, முதல்வன் உடையான். உடைமையாகிய ஒன்று தனக்கென வேறோர் உடைமை கொள்ளுதல் யாங்ஙனம்? அடிமையின் கையிலுள்ள பொருளும் ஆண்டானுடையதேயாம்.

நம் திருக்கோயில்கள் இவ்வுண்மையை வழக்கிலேயே வைத்துக் காத்தன. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களிற் கோயில் நிலத்தின் விற்பனைகள் சண்டேசுவரர் பெயரால் நிகழக் காண்கின்றோம். அவ்விற்பனைக்குச் ‘சண்டேசுவரப் பெருவிலை’ என்றே பெயர். உடையவன் சிவபெருமான், ஆவணத்தில் நிற்பவர் அவன் தொண்டர். இன்றும் சண்டேசுவரர் திருமுன் கைகளை விரித்துக் காட்டிப் புறப்படுவார், சிவன் உடைமை ஒன்றும் கொண்டு போகின்றிலேம் எனக் காட்டுகின்றனர். பிற்காலத்து இலண்டன் பிரிவி கவுன்சிலும் 1925-ஆம் ஆண்டில், இந்துக்கள் வழிபடும் தெய்வத் திருவுருவம் உடைமை கொள்ளுதற்குரிய ஆளே யெனச் சட்டத்தின்முன் ஒப்புக்கொண்டது.

ஆகவே விடை இதுவாம்: சைவன் தன் பொருளுக்குத் தானே தருமகர்த்தா, உடையவன் அல்லன். தருமகர்த்தா பதவி விட்டு நீங்குங்கால் என் செய்வன்? கணக்கை எழுதி, பொருளை உரியார் கையில் ஒப்புவித்து, வெறுங்கையனாய்ப் புறப்படுவன். அக்கணக்கே மரணசாசனம். ஆணையாக எழுதப்படின் அது பாசத்தை வளர்க்கும். கணக்காக எழுதப்படின் அதுவே பாசங் கழலும் வழியாம்.

கணக்கென்று கொண்டால் அதன் முறையும் தானே விளங்கும். முதற்கண் கடன் தீர்க்கப்படல் வேண்டும். வேலையாளுக்குத் தரவேண்டிய கூலியும் கடனே. இரண்டாவது, தன்னதல்லாததைத் தன்னதென எழுதலாகாது. முன்னோர் வழிவந்த பொதுக்குடும்பச் சொத்தில் ஒருவன் தன் பங்கு மாத்திரமே எழுத உரியன். 2005-ஆம் ஆண்டின் திருத்தத்தின் பின்னர் அதிற் புதல்வியரும் புதல்வரோடொப்பப் பிறப்புரிமை உடையர். மூன்றாவது, தன்னையன்றிப் பற்றுக்கோடு இல்லாதார்க்கு, அதாவது மனைவிக்கும், முதிய தாய்க்கும், தன்னைத்தான் காத்துக்கொள்ள மாட்டாத பிள்ளைக்கும் வாழ்வு வகுத்தல் வேண்டும். இம்மூன்றும் செய்து எஞ்சியதே அறத்திற்கு உரியது. மனைவியைத் தெருவில் நிறுத்திவிட்டுக் கோயிலுக்கு விளக்கெரிக்கப் பொருள் எழுதுவான், பிறர் உண்ணற்குரிய சோற்றைப் படையலாக்குகின்றான்.

அறிவு நிரம்பாத பிள்ளைக்கும், நெடுங்காலம் நடக்கவேண்டிய அறத்திற்கும் உயில் மட்டும் அமையாது. நம்பிக்கைப் பொறுப்பாகிய டிரஸ்டு வேண்டப்படும். தனியார் டிரஸ்டுகளை 1882-ஆம் ஆண்டின் சட்டம் ஆளும். பொதுவாகிய சமய அறங்கள் அதன் புறத்தன. பிறன்பொருட்டு ஒப்படைத்ததைத் தன் ஆதாயத்திற்குப் பயன்படுத்தலாகாது என்பதே இவற்றின் உயிர்நிலை.

இந்நம்பிக்கை எங்ஙனம் பழுதுறும் என்பதைக் கோட்புலி நாயனார் வரலாறு காட்டும். போர்மேற் செல்லும் நாயனார் சிவபெருமான் திருவமுதுக்கென நெற்கூடுகளை நிரப்பி, சுற்றத்தார் ஒவ்வொருவரிடமும் ஆணையிட்டுக் கூறிச் சென்றனர். பின் பஞ்சம் வந்தது. சுற்றத்தார், இப்போது எடுத்துண்டு உயிர் பிழைத்துப் பின்னர்த் திருப்பி வைப்போம் என்று துணிந்தனர். மீண்டு வந்த நாயனார் செய்தது, நம்மனோர் அளவில் நின்று அளக்கலாகாத வன்றொண்டு. நாம் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. அச்சுற்றத்தார் கள்வராய்த் தொடங்கினாரல்லர். ‘பின்னர்த் திருப்பி வைப்போம்’ என்றே தொடங்கினர். இன்று அறப்பொருளைக் கைக்கொள்வார் பலரும் தொடங்குவது இச்சொல்லினின்றேயாம். ஆதலின் பொறுப்பேற்பாரை ஒருவராக வையாது இருவர் மூவராக வைத்தலும், ஆண்டுதோறும் கணக்கு ஆராயப்பட வேண்டுமென எழுதுதலும், எதிர்பாராத இடுக்கண் வந்துழிச் செய்யத்தக்கதை முன்னரே வகுத்தலும் இன்றியமையாதன. இது சுற்றத்தாரை ஐயுறுதலன்று. அவரைப் பழியினின்றும் காத்தலாம்.

இனி, வக்கீலை அமர்த்துதல் பற்றி ஒருசொல். நல்ல நோக்கம் உளதாயின் நூல்வல்லார் துணை எற்றுக்கு என்பார் பச்சையப்ப முதலியார் அறத்தின் வரலாற்றை நினைக்க. அவர் 1794-ஆம் ஆண்டில் இறத்தற்கு முன்னர், தம் பெரும்பொருளைக் கோயிற் பணிக்கும் பிற அறங்களுக்கும் மரணசாசனத்தால் உரிமை செய்தனர். நோக்கம் தூயது, ஆயினும் அப்பொருள் நெடுங்காலம் வழக்கிற் கிடந்தது. சென்னையில் அட்வொகேட் ஜெனரலாயிருந்த ஜார்ஜ் நார்ட்டன் முதலியோர் முயற்சியாலும் அக்காலத்துச் சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பாலும் மீட்கப்பெற்று, 1842-இல் அவர் பெயராற் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது; 1889-இல் அது கல்லூரியாயிற்று. எழுதினவர் இறந்து அரை நூற்றாண்டளவும் கழிந்த பின்னரே மாணவர் அதன் பயனைப் பெற்றனர். பொருளை முடக்குவதும் வழக்கே, மீட்பதும் வழக்கறிந்தாரே. அவரை இறந்த பின்னர் நாடுவதினும் எழுதுமுன்னர் நாடுதல் நன்று.

1925-ஆம் ஆண்டின் சட்டம் வேண்டுவன மிகுதியல்ல. எழுதுவான் தெளிந்த அறிவோடு ஒப்பமிடல் வேண்டும். அவ்வொப்பத்தை நேரிற் கண்டோ, அவன் வாயால் தன்னதென ஒப்பக் கேட்டோ, சாட்சிகள் இருவரேனும் அவன்முன் ஒப்பமிடல் வேண்டும். பதிவு செய்தல் கட்டாயமன்று, செய்தல் காவலாம். உயிரோடிருக்குமளவும் அதனை மாற்றவும் நீக்கவும் அவனுக்கு உரிமையுண்டு. வழக்கு வந்துழிச் சாட்சிகளுள் ஒருவரேனும் நேரில் வந்து உரைத்தல் வேண்டுமாதலின், தன்னினும் இளையாரையும் நடுவுநிலையாளரையும் தேர்தல் தக்கது. சிறிதென்று இவற்றைப் புறக்கணித்தாரது உயில் வெறும் தாளாய்விடும். நல்ல வக்கீல் நம் சொல்லை அப்படியே எழுதுவாரல்லர். ‘அவன் உமக்குமுன் இறப்பின் என்?’, ‘இவளை ஏன் விடுத்தீர்?’ என்று வினவுவார். மறைத்துவைத்த கடனையும் மனத்துள் வைத்த சினத்தையும் வெளிக்கொணரும் அவ்வினாக்களுக்கு மெய்யே விடையிறுத்தல் வேண்டும்.

எஞ்சிய வினா ஒன்றே; அரியதும் அதுவே. உயிலால் செய்யும் அறம் அறமாகுமா? உயிரோடிருக்கையில் ஒரு காசும் பிரியாது, இறந்தபின் எப்படியும் பிரியப்போவதை ஈவதில் ஈகை எங்கே? இக்கேள்வியை மறுத்தற்கில்லை. எடுத்துச் செல்ல இயலாததைக் கொடுத்தேன் எனல் பெருமையன்று. ஆதலின், இயன்ற அறத்தை உயிருள்ளபோதே, கை நோகக் கொடுத்தல் தலையாயது. தன் முதுமைக்கும் மனைவியின் முதுமைக்கும் வேண்டுமென வைத்த பொருளையே உயிலுக்கு விடல் வேண்டும். அவ்வாறு விட்ட அறத்திலும் தன் பெயர் கல்லில் வெட்டப்பட வேண்டுமென எழுதுவானாயின், பொருளைவிட்டுப் பெயரைப் பற்றினானாவன். பற்று இடம் மாறியதேயன்றி நீங்கியதன்று.

அங்ஙனமாயினும் உயிலுக்குத் தனக்கே உரிய ஒரு பயனுண்டு. ஒப்பமிடும் அந்நாளில் ஒருவன், தான் இல்லாத வீட்டையும், தன்னை வேண்டாது நடக்கும் உலகையும் தன் கருத்தில் நேரே காண்கின்றான். ‘யான் இறப்பேன்’ என்று வாயாற் சொல்வார் பலர். கையெழுத்திட்டு ஒப்புக்கொள்வார் சிலர். அவ்வாறு ஒப்புக்கொண்டவன் மறுநாள் முதல் தன் வீட்டிலேயே விருந்தினனாய் இருக்கக் கற்பானாயின், பூட்டிய பெட்டியிற் கிடக்கும் அத்தாள், அவன் இறத்தற்கு முன்னரே தன் பணியைச் செய்யத் தொடங்கிற்றாம். அன்பர்கள் இதனை நாளை நாளையென்று தாழ்க்காது, சிவபெருமான் திருவடியை உள்ளத்து இருத்தி, சினமும் செருக்கும் இன்றித் தம் கணக்கை எழுதி வைப்பாராக.

திருச்சிற்றம்பலம்.