பெயரும் ஒரு கோடும்

1896 ஆகஸ்ட் கடைசியில் மதுரையில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் வீட்டை விட்டுப் புறப்படும் முன் ஒரு சிறு கடிதம் எழுதிவைத்தான். கடிதம் 'நான்' என்று ஆரம்பிக்கிறது. சில சொற்கள் தாண்டியதும் 'நான்' போய் 'இது' வந்துவிடுகிறது. கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு. அண்ணனுடைய காலேஜ் சம்பளம் கட்டப்படவில்லை, மீதி இரண்டு ரூபாய் இத்துடன் இருக்கிறது என்ற லௌகிகக் கணக்கை மட்டும் கடிதம் மறக்கவில்லை. பையன் வேங்கடராமன். பின்னால் ரமண மகரிஷி.

அந்தக் கோட்டை அகந்தை ஒழிந்ததற்கு அத்தாட்சியாக பக்தர்கள் வாசிக்கிறார்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. என் கேள்வி வேறு தளத்தில் இருக்கிறது. ஒருவன் தன் பெயரை விட்டுவிட முடியுமா? முடியும் என்றால், விட்ட இடத்தில் எது வந்து உட்காருகிறது?

திருவண்ணாமலையில் இதற்கு உடனே பதில் கிடைத்தது. செப்டம்பர் முதல் தேதி வந்து சேர்ந்தவர் தலையை மழித்துக்கொண்டார். பூணூலையும் கையில் மிஞ்சியிருந்த காசையும் எறிந்தார். கோயிலில் பேசாமல் உட்கார்ந்தார். ஊர் அவரைப் 'பிராமண சுவாமி' என்றது. பூணூலை எறிந்தவருக்குச் சாதியே பெயராயிற்று. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. கூப்பிட ஒரு சொல் வேண்டும். கைவசம் இருந்தது அது. பெயரில்லாத இடம் என்று சமூகத்தில் ஒன்று கிடையாது. நாம் காலி செய்தால், தன்னிடம் தயாராக இருப்பதை அது வைத்துவிடும். நம்மிடம் எப்போதும் தயாராக இருப்பது சாதி. 1929ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெயரின் வாலில் இருந்த சாதியை வெட்டச் சொன்னது. 'பிராமண சுவாமி'யில் வால் இல்லை; தலையே அதுதான்.

பெயரை இடுகுறி, காரணம் என்று நன்னூல் பிரிக்கிறது. பெற்றோர் வைக்கும் பெயர் பெரும்பாலும் காரணப்பெயர் போல வேஷம் போடும் இடுகுறி. வேங்கடராமன் என்று பெயர் வைத்துக்கொண்டு திருப்பதிக்குப் போகாமல் அண்ணாமலைக்குப் போகலாம், பெயர் தடுக்காது. பெயரின் அர்த்தம் பிள்ளையின் மேல் பெரிதாகப் பாரம் போடுவதில்லை. இடுகுறிக்குள் ஒரு சுதந்திரம் இருக்கிறது. 'பிராமண சுவாமி' அப்படியல்ல. அது காரணத்தைச் சொல்லி ஆளை அதற்குள் நிறுத்திவைக்கிற பெயர்.

அவர் குருமூர்த்தத்தில் இருந்தபோது தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் தினமும் வந்துபோனார். அவர் பெயரும் வேங்கடராம ஐயர்தான். சுவாமியின் பெயரையும் ஊரையும் தெரிந்துகொள்ளாமல் சாப்பிடமாட்டேன், ஆபீசுக்கும் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். கடைசியில் சுவாமி ஆங்கில எழுத்தில் தன் பெயரையும் திருச்சுழியையும் எழுதிக் காட்டினார். ஆங்கிலத்தில் 'ழி' பிடிபடவில்லை. பெரியபுராணப் புத்தகத்தை எடுத்து அதில் அந்த ஊரைக் காட்ட வேண்டியிருந்தது. அந்தப் பெயர் வெளிவந்ததால் வீட்டாருக்குத் தகவல் எட்டியது. 1898ல் தாயார் அழகம்மாள் பவழக்குன்றுக்கு வந்து அழுது கூப்பிட்டார். அவர் திரும்பிப் போகவில்லை. ஆனால் பட்டினி கிடப்பேன் என்ற ஒரு மனிதனுக்கு முன்னால் பெயரைச் சொன்னார். எனக்கு இது அந்தக் கோட்டைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது. பெயர் அதை உடையவனுக்காக இருப்பதல்ல, கூப்பிடுகிறவனுக்காக இருப்பது என்பதை ஒப்புக்கொண்ட செயல் அது.

1907ல் காவ்யகண்ட கணபதி முனி அதே பெயரிலிருந்து 'ரமண'னை எடுத்தார். ராமன் என்ற நெடில் குறுகி, றன்னகரம் டண்ணகரமாகி, சமஸ்கிருதத்தில் மகிழ்விப்பவன் என்று பொருள் தருகிற வேறு ஒரு சொல். தமிழில் இரண்டும் வெவ்வேறு. ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்த்தால் ராமனுக்கும் ரமணனுக்கும் நடுவில் வேலியே இல்லை. இன்று செங்கம் சாலையில் மளிகைக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் அந்தப் பெயர்தான். காரணப்பெயராகக் கவிஞர் கொடுத்தது மறுபடியும் இடுகுறியாகிவிட்டது. அதில் தவறில்லை, பெயர்கள் அப்படித்தான் பிழைக்கின்றன.

இந்த ஊரின் அம்மனுக்கு உண்ணாமுலை என்று பெயர். அபீதகுசாம்பாள் என்ற வடமொழிப் பெயர் அதைச் சொல்லுக்குச் சொல் ஒத்திருக்கிறது. மலைக்கு அந்தப் பொருத்தம் இல்லை. அருணாசலம் என்றால் சிவந்த மலை. அண்ணாமலை என்றால் நெருங்க முடியாத மலை. ஒரு மொழி நிறத்தைச் சொல்கிறது, இன்னொன்று தூரத்தை. பெயர்கள் ஒத்துப்போகாததால் மலைக்கு ஒன்றும் நோவதில்லை. மனிதர்களுக்கு நோகும்.

நான் வங்கிக் குமாஸ்தா; பெயரும் கையெழுத்தும் எனக்குத் தொழில். பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்ததற்குப் பிச்சை, குப்பன் என்று பெயர் வைப்பார்கள். எமன் கேட்டால் வெறும் குப்பை என்று நினைத்துப் போய்விடட்டும் என்ற ஏமாற்று அது. சொல்லின் அர்த்தம் இழிவு. உள்ளே இருப்பது முழுக்கப் பாசம். ஆனால் பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்தால், இனி ஆண் வரட்டும் என்று கடைசிப் பெண்ணுக்கு 'வேண்டாம்' என்று வைக்கிற வழக்கமும் நம் வட மாவட்டங்களில் உண்டு. வேறு பக்கங்களில் 'போதும்பொண்ணு'. இதில் உள்ளே ஒளிந்திருக்கும் பாசம் எதுவும் இல்லை. சொல் சொன்னதையே சொல்கிறது. கவுண்டரில் நான் 'வேண்டாம்' என்று உரக்கக் கூப்பிட, ஒரு பெண்மணி எழுந்து வந்து பணம் வாங்கிப் போகிறார். பக்கத்தில் சிலர் சிரிக்கிறார்கள். பழகிப்போய் அது அவருக்கு வெறும் ஓசையாகியிருக்கும் என்று நானும் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பெயர் என்பதே மாயை என்று இன்னும் மேலே போகலாம். அந்தத் தத்துவத்தை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வராது. அவருக்கு வேண்டியிருப்பது பெயரின்மை அல்ல, ஒரு பெயர்.

1938ல் ஆசிரமத்துக்காக எழுதிய உயிலிலும் ரமணர் பெயர் எழுதவில்லை, கோடுதான் இழுத்தார். உயிலில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு குறியைச் சட்டம் ஏற்றுக்கொள்ளும். இரண்டு சாட்சிகள் மட்டும் வேண்டும். அதாவது, கோடு போடுகிறவர் யார் என்று சொல்லப் பெயருள்ள இருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். ரமணருக்கு நின்றார்கள், உலகமே நின்றது. கைநாட்டு வைக்கிறவருக்கு நாங்கள் சாட்சி கேட்கும்போது கூட வந்த மருமகனைத் தேட வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே கோடு அல்ல. துறப்பதற்கு முதலில் இருக்க வேண்டும்.

ரமணர் இந்த வித்தியாசத்தை அறியாதவர் என்று நான் சொல்லவில்லை. 'நான் யார்' என்று கேட்கச் சொன்னவரின் ஆசிரமத்தில் பசு லட்சுமிக்கும் நாய் ஜாக்கிக்கும் மான் வள்ளிக்கும் பெயரோடு சமாதி இருக்கிறது. கோடு தனக்கு, பிறருக்குப் பெயர். இந்த வரிசை மாறினால் ஞானம் அலட்சியமாகிவிடும். தன் பெயரை ஒருவன் அழித்துக்கொள்ளலாம், அது அவன் உரிமை. அடுத்தவர் பெயர் வெறும் பெயர்தான் என்று சொல்லும் உரிமை அதோடு சேர்ந்து வருவதில்லை.