மன்னிக்கும் உரிமை

தொழில் நொடித்துப்போன மனிதனைப் பற்றி "ஐ.பி. கொடுத்துவிட்டான்" என்கிறோம்; "மஞ்சள் கடுதாசி நீட்டிவிட்டான்" என்றும் சொல்வதுண்டு. சொல்லும் குரலில் ஏளனம் இருக்கும். கூர்ந்து கேட்டால் கொஞ்சம் பொறாமையும் இருக்கும். கடன் கொடுத்தவனும் கடன்காரன், வாங்கியவனும் கடன்காரன் என்று ஒரே சொல்லை இருவருக்கும் பொதுவாக வைத்த நம் முன்னோர்கள் விவரம் தெரிந்தவர்கள்தாம். ஒருவன் விழுந்தால் மற்றவனும் கூடவே விழுகிறான்.

விழுந்த கம்பெனியை எல்லோரும் ஒரே சமயத்தில் பிய்த்துத் தின்றுவிடாதபடி சட்டம் அதைச் சுற்றி ஒரு வேலி போடுகிறது. 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின் 14-ஆம் பிரிவு அந்த வேலி. தீர்ப்பாயம் மனுவை ஏற்றுக்கொண்ட நாள் முதல் கம்பெனியின் மேல் வழக்குப் போடக்கூடாது, ஜப்தி செய்யக்கூடாது, ஈட்டை விற்கக்கூடாது. இது கருணையா, தந்திரமா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் கலந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. என்னை உறுத்துகிற கேள்வி வேறு. வேலிக்குள் யார் யார் நிற்கலாம்?

வாணியம்பாடிக்கும் பர்கூருக்கும் நடுவே, நாட்றம்பள்ளிப் பக்கத்தில் ஒரு தோல் ஷாப்பைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பாட்டனார் ஆவாரம்பட்டையில் ஊறவைத்தார். பேரன் குரோம் போட்டு, பிரைவேட் லிமிடெட் என்று பலகை மாட்டினான். அந்த வட்டாரத்துத் தோல்காரர்களுக்கு நீதிமன்றம் புதிதல்ல. 1996 ஆகஸ்டு 28-ல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாக ஏற்றதும், தொழிற்சாலைக்குப் பத்தாயிரம் ரூபாய் வீதம் அபராதம் போட்டதும் அவர்களை வைத்துத்தான். அன்றிலிருந்து தொழிலுக்குத் தோல் எவ்வளவு தேவையோ அவ்வளவு வக்கீலும் தேவை.

நம் பேரனுக்கும் ஒரு வக்கீல் இருக்கிறார். பள்ளித் தோழர்; வீட்டுக் கல்யாணங்களில் முன்வரிசையில் உட்காருகிறவர். தொழிற்சாலையை மூடச் சொல்லி வந்த உத்தரவின் மேல் அப்பீல் போட வேண்டும். கெடு தேதியைத் தவற விட்டுவிட்டார். வெளிநாட்டு ஆர்டர் போயிற்று, வங்கித் தவணை நின்றது, கம்பெனி வேலிக்குள் வந்து சேர்ந்தது. ஒருநாள் தோழர் வந்து தலைகுனிந்து நிற்கிறார். "போகட்டும் விடுடா, நீ வேண்டுமென்றா செய்தாய்?" என்கிறான் பேரன். கதையாக இருந்தால் இந்த இடத்தில் வாசகர் கண் துடைப்பார். நானும் எழுதியிருப்பேன்.

ஆனால் அவனுக்கு மன்னிக்க உரிமை உண்டா?

சட்டம் இல்லை என்கிறது. தீர்ப்பாயம் மனுவை ஏற்றதுமே டைரக்டர்களின் அதிகாரம் நின்றுபோகிறது. நிர்வாகம் வேறொருவர் கைக்குப் போகிறது. கம்பெனிக்குப் பிறரிடமிருந்து வரவேண்டியவற்றைக் கேட்பதும் அவர் வேலையே. வேலி கம்பெனியின் மேல் வரும் வழக்கைத்தான் தடுக்கிறது. கம்பெனி பிறர்மேல் போடும் வழக்கைத் தடுப்பதில்லை. ஆகவே வக்கீலின் கவனக்குறைவால் வந்த நஷ்டமும் மேஜை நாற்காலியைப்போல ஒரு சொத்து. மனத்தாங்கலுக்கும் ஜாபிதாவில் ஓர் இலக்கம் விழுந்துவிடுகிறது!

கேட்கவே விகாரமாகத்தான் இருக்கிறது. ஆயினும் இதற்குள் ஒரு நுட்பமான பாகுபாடு உண்டு. 1988-ல் கர்நாடகத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கு ஒன்று. தம் வக்கீலின் கவனக்குறைவுக்காக நஷ்டஈடு கேட்டு ஒருவர் வழக்குத் தொடுத்தார், முடிவதற்குள் இறந்துவிட்டார். வாரிசுகள் அதைத் தொடரலாமா? அவருடைய மனம் பட்ட காயத்துக்காக மட்டும் கேட்டதானால் அது அவரோடு போயிற்று. ஒப்பந்தத்தை மீறியதால் அவர் சொத்துக்கு வந்த நஷ்டமானால் அது வாரிசுகளைச் சேரும் என்றது நீதிமன்றம். சாவுக்குச் சொன்னது நொடிப்புக்கும் பொருந்தும் என்று நான் நினைக்கிறேன். தோழனால் வந்த வேதனை பேரனுடையது. அதை அவன் மன்னிக்கலாம், மறக்கலாம், சாகும்வரை நெஞ்சில் வைத்துப் புழுங்கலாம். நஷ்டம் அவனுடையதல்ல. பிறர் பணத்தை எடுத்துத் தர்மம் செய்கிறவனைப்போல, பிறர் நஷ்டத்தை எடுத்து அவன் மன்னித்துவிடுகிறான்.

வக்கீலின் மேல் வழக்குப் போடவே முடியுமா என்று சிலர் ஐயப்படுவார்கள். 1926-ஆம் ஆண்டுச் சட்டமே வக்கீல் என்ற காரணத்தால் மட்டும் ஒருவர் தப்ப முடியாது என்று சொல்லிவிட்டது. 2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், வக்கீல் தொழில் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்பளித்தது. மூடியது நுகர்வோர் மன்றத்தின் கதவுதான். சாதாரண உரிமையியல் நீதிமன்றத்தின் கதவு திறந்தே இருக்கிறது. செலவும் காலமும் அதிகம், அவ்வளவுதான்.

விழுந்தவனுக்குப் போட்ட வேலிக்குள் விழாதவர்களும் நுழையப் பார்ப்பது இங்கே மட்டும் நடக்கிற காரியமல்ல. அமெரிக்காவில் பர்டூ என்ற மருந்துக் கம்பெனி திவால் நீதிமன்றத்துக்குப் போனபோது, அதன் சொந்தக்காரர்களான சாக்லர் குடும்பத்தார் தாங்கள் திவாலாகாமலே, தங்கள்மேலும் யாரும் இனி வழக்குப் போடக்கூடாது என்ற நிரந்தரத் தடையைக் கேட்டார்கள். அதற்கு விலையாகக் கோடிக்கணக்கான டாலர் தர முன்வந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களின் சம்மதமில்லாமல் அப்படித் தடைபோட முடியாது என்று 2024 ஜூன் 27-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம். அந்த நால்வரின் கவலையையும் நான் அலட்சியம் செய்யமாட்டேன். வருகிற பணத்தை விட்டுவிட்டு நியாயத்தை மட்டும் வைத்துக்கொண்டு பாதிக்கப்பட்டவன் என்ன செய்வான்? நம் நாட்டிலும் செக்கில் கையெழுத்திட்ட டைரக்டருக்கு வேலியில் இடமில்லை என்று 2021-ல் தீர்ப்பாகியிருக்கிறது. ஜாமீன் போட்ட மாமனாருக்கும் இடமில்லை. வக்கீலுக்கு மட்டும் எப்படி இருக்கும்?

இன்னொன்று. வாழ்ந்தபோது வக்கீலைத் தெய்வம் என்றவன், விழுந்தபின் "அவன்தான் கெடுத்தான்" என்பதும் உலக இயல்பு. எல்லாத் தோல்விக்கும் வக்கீல் பொறுப்பல்ல. தோற்றுப்போக வேண்டிய வழக்கும் உண்டு. அந்த அப்பீலைக் காலத்தில் போட்டிருந்தால் வென்றிருக்குமா என்பதை நிரூபித்தாக வேண்டும். அதற்காகவும் பேரனின் மன்னிப்பை நம்பாமல் வேறொருவர் கட்டுகளைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

கம்பெனியை மீட்க முடியாமல் விற்றுப் பங்கிடும் நிலை வந்துவிட்டால், அந்த வக்கீலிடமிருந்து வரும் ஒவ்வொரு ரூபாயும் 53-ஆம் பிரிவின் வரிசைப்படி போகும். முதலில் நடைமுறைச் செலவு. அடுத்த படியில் ஈடு வைத்திருக்கிற வங்கியும், இருபத்துநான்கு மாதத்துக்கு உட்பட்ட கூலி பாக்கியோடு தொழிலாளியும் சரிசமமாக நிற்கிறார்கள். பச்சைத்தோல் கொடுத்தவர் வெகு கீழே. இருட்டு விடியுமுன் நாட்றம்பள்ளியில் பஸ் ஏறிச் சாப்பாட்டுத் தூக்கோடு வேலைக்குப் போய்வந்த பெண்ணுக்கு அந்தப் பள்ளித் தோழரின் பெயர்கூடத் தெரிந்திராது. பேரன் "போகட்டும் விடுடா" என்றபோது அவளை யாரும் கேட்கவில்லை.