கூண்டில் வளரும் எலிக்கு நாம் யார்?

சென்ற ரமலானில் ஒரு மாலை. நோன்பு திறந்து, மஃரிபு தொழுது, பள்ளிவாசல் முற்றத்தில் கஞ்சிக் கோப்பையுடன் அமர்ந்திருந்தோம். நெடுநாள் நண்பர் ஒருவர் தம் புதல்வியை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். அப்பெண் பல்கலைக்கழக ஆய்வுக்கூடமொன்றில் பயில்கிறாள். உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களைப் பற்றிய ஆராய்ச்சி அவளுடையது. தயங்கித் தயங்கி அவள் கேட்டது இதுதான்:

“மாமா, எலியை ஹரம் எல்லைக்குள்ளேகூடக் கொல்லலாம் என்று மதரஸாவில் ஹஜ்ரத் சொல்லிக் கொடுத்தார்கள். நான் வாரா வாரம் எலிகளைத்தான் கொல்கிறேன். மார்க்கம் விட்ட பிறகும் என் மனசு ஏன் கேட்க மாட்டேனென்கிறது?”

நாம் சற்றும் யோசியாமல், “மார்க்கம் அனுமதித்ததை மனது தடுத்தால் மனதைத்தான் திருத்திக்கொள்ள வேண்டும், அம்மா” என்று கூறிவிட்டோம். அவள் மறுமொழி சொல்லவில்லை. தகப்பனார் தலையசைத்தார். இஷாவுக்கு பாங்கு சொல்லவே பேச்சு அத்துடன் முடிந்தது. ஆனால் வீடு திரும்பிய பின் நாம் சொன்ன பதில் நமக்கே கசந்தது. அந்தப் பதிலைத் திருத்திக்கொள்ளவே இதை எழுதுகிறோம்.

முதலில் அவள் செய்யும் வேலை யாதென்று அறிந்துகொள்வது அவசியம். விஷயம் தெரியாமல் தீர்ப்புச் சொல்லக் கிளம்புவது நம்மவர்களுக்குள்ள பழைய வியாதி. அன்று நாமும் அதற்கு விலக்காக இருக்கவில்லை.

நம் இரத்தத்திலும் நிணநீரிலும் காவற்படை போல் திரியும் வெள்ளணுக்களில் ‘டி’ அணுக்கள் என்று ஒரு வகை உண்டு. அவற்றின் மேற்புறத்தில் ஏற்பிகள் எனப்படும் நுண்ணிய உறுப்புகள் பதிந்திருக்கின்றன. பகைவனை இனங்கண்டுகொள்வது ஓர் ஏற்பி. தாக்கு என்று முடுக்குவது மற்றொன்று. போதும், நிறுத்து என்று தடுப்பது வேறொன்று. கண்ணுக்குப் புலனாகாத இவற்றைப் பிரித்தறிய வேண்டுமானால், ஒரு குறிப்பிட்ட ஏற்பியை மட்டும் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளும் ஒரு பொருள் கையில் இருக்க வேண்டும். மோனோகுளோனல் ஆன்டிபாடி என்று விஞ்ஞானிகள் கூறுவது அதைத்தான். ஒரே தாயணுவின் சந்ததியிலிருந்து வருவதால் ஒன்றுக்கொன்று இம்மியும் வேறுபடாத எதிர்ப்பொருள் அது.

இதைச் செய்யும் வழியை 1975-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஜார்ஜ் கோலர், சீசர் மில்ஸ்டீன் என்ற இருவர் வெளியிட்டனர். ஒருவர் ஜெர்மானியர், மற்றவர் அர்ஜென்டினாவில் பிறந்தவர். செம்மறியாட்டின் சிவப்பணுக்களை ஒரு சுண்டெலிக்குச் செலுத்தி, அதன் உடல் எதிர்ப்பொருளைச் சுரக்கத் தொடங்கியதும் அதன் மண்ணீரலை எடுத்தனர். அந்த மண்ணீரல் அணுக்களைச் சாகாமல் பெருகும் புற்றணுக்களுடன் இணைத்தனர். பிறந்த கலப்பணு எதிர்ப்பொருளையும் சுரந்தது, ஓயாமலும் பெருகியது. 1984-இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இதில் வியக்கத்தக்க ஒழுங்கு ஒன்று இருக்கிறது. எந்த உடலும் தன் சொந்த உறுப்புக்கு எதிராக ஆயுதம் செய்வது அரிது. ஆகவே சுண்டெலியின் ஏற்பியைப் பிடிக்கும் எதிர்ப்பொருளைப் பெரும்பாலும் பெரிய இனத்து எலியிடமிருந்தோ, ஹாம்ஸ்டர் என்ற சிறு பிராணியிடமிருந்தோதான் பெறுகிறார்கள். ஆக, நண்பரின் மகள் கையிலெடுக்கும் ஒவ்வொரு குப்பிக்கும் பின்னால் இரண்டு பிராணிகள் நிற்கின்றன: பொருளைக் கொடுத்து மடிந்தது ஒன்று, அப்பொருளைக் கொண்டு ஆராயப்பட்டு மடிவது மற்றொன்று.

இத்தனை உயிர்களைக் கொண்டு என்ன கண்டார்கள் என்ற கேள்விக்கு விடை சிறியதன்று. ‘டி’ அணுவின் பிரதான ஏற்பியையே 1982, 1983 ஆண்டுகளில் இத்தகைய எதிர்ப்பொருள்களைக் கொண்டுதான் அடையாளங் கண்டனர். அக்காரியத்தில் பங்குகொண்டவர்களுள் ஒருவர் அமெரிக்கரான ஜேம்ஸ் அலிசன். சிறுவனாக இருக்கும்போதே தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். பின்னர் அவர் சி.டி.எல்.ஏ.-4 என்னும் ஏற்பியை ஆராய்ந்தார். அது ‘டி’ அணுவைத் தடுத்து நிறுத்தும் ஏற்பி. புற்றுக்கட்டி வளரவிடப்பட்ட சுண்டெலிகளுக்கு, ஹாம்ஸ்டரிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருளைச் செலுத்தி அந்தத் தடையை மூடினார். கட்டிகள் கரைந்தன. 1996-இல் இது வெளிவந்தது. 2011-இல் இப்பிலிமுமேப் என்ற மருந்து அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. மனித எதிர்ப்பொருளின் மரபணுக்கள் புகுத்தப்பட்ட சுண்டெலிகளின் துணைகொண்டு அதை உருவாக்கினார்கள். முற்றிய மெலனோமா என்ற தோற்புற்றுநோய் கண்டவர்கள் முன்பு பெரும்பாலும் ஓராண்டுக்குள் மடிந்தனர். இம்மருந்து பெற்றவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மூன்றாண்டுக்கு அப்பாலும் வாழ்ந்தனர். 2018-இல் அலிசனுக்கும் ஜப்பானியரான தசுகு ஹொஞ்சோவுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மருத்துவமனையில் நம் உறவினர் படுக்கையருகில் தொங்கும் மருந்துப் பையைப் பார்த்திருப்போம். பெயர் ‘மேப்’ என்று முடிந்தால் அம்மருந்து இந்த இனத்தைச் சேர்ந்தது. அதை வேண்டாமென்று சொல்ல நமக்கு மனம் வராது, வரவும் வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பை அங்கே தொங்கும்வரை, கூண்டிலிருக்கும் பிராணியின் விஷயம் அந்தப் பெண் ஒருத்தியின் விஷயம் மட்டுமன்று.

இனி அவள் கேட்டதற்கு வருவோம். கேடு செய்யும் ஐந்து பிராணிகளை ஹரம் எல்லையிலும் கொல்லலாம் என்ற ஹதீதில் எலியும் ஒன்று என்பது உண்மையே. எதனால் அந்த அனுமதி? ஓரிரவு எலியொன்று எரியும் விளக்குத் திரியை இழுத்து வந்து பாயின்மேல் போட்டதையும், உறங்கப் போகுமுன் விளக்கை அணைத்துவிடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதையும் ஹதீது நூல்களில் காண்கிறோம். வீட்டுக்குள் புகுந்து, தானியத்தைத் தின்று, வீட்டையே கொளுத்தக்கூடிய எலி அது. அதன் தீங்கிலிருந்து மனிதன் தன்னைக் காத்துக்கொள்ளத் தரப்பட்ட அனுமதி அது.

ஆய்வுக்கூடத்துச் சுண்டெலி அந்த எலியா? அது யார் வீட்டிலும் புகவில்லை. யார் விளக்கையும் கவிழ்க்கவில்லை. நாமே அதைக் கூண்டில் பிறக்கச் செய்தோம். அது உண்பது நாம் வைக்கும் இரை. குடிப்பது நாம் நிரப்பும் தண்ணீர். வெளியே போய்த் தன் பிழைப்பைத் தேடிக்கொள்ளும் வழியையும் நாமே அடைத்துவிட்டோம். இத்தன்மையுள்ள பிராணியைப் பற்றி மார்க்கம் கூறுவதைத் தேடினால், ஐந்து பிராணிகளின் ஹதீதுக்கு அல்ல, பூனையைக் கட்டிவைத்த பெண்ணின் ஹதீதுக்குத்தான் வந்து சேர்கிறோம். தானும் உணவளிக்காமல், பூமியிலுள்ள சிறு ஜீவன்களைப் பிடித்துத் தின்னவும் விடாமல் அடைத்து வைத்ததற்காக அவள் நரகம் புகுந்தாள். அச்சிறு ஜீவன்களில் எலியும் இருந்திருக்கக்கூடும்! இனம் எதுவென்பதன்று அங்கே கேள்வி. அடைத்தவருக்கு அடைபட்டதன்பால் ஏற்படும் பொறுப்பே கேள்வி.

இது நம் சொந்தக் கற்பனையன்று. நம்மில் பலர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர், ஹிஜ்ரி 660-இல் காலமான இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ் ஸலாம் அவர்கள், மனிதன்மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். பயன்படாத அளவுக்கு முதுமையோ பிணியோ அடைந்துவிட்ட பிராணிக்கும் செலவு செய்து பராமரிக்க வேண்டுமென்பது அவற்றுள் ஒன்று. ஏழரை நூற்றாண்டுகளுக்கு முன் எழுதிய எழுத்து! ஆய்வுக்கூட விதிகளை இன்று நாம் மேல்நாட்டாரிடம்தான் கற்றோம் என்று எண்ணுவோர் இதைச் சற்று நோக்க வேண்டும்.

அப்படியானால் அந்தப் பெண்ணின் வேலை ஹராமா? அதுவும் நம் கருத்தன்று. படைப்பினங்கள் மனிதனுக்கு வசப்படுத்தித் தரப்பட்டிருக்கின்றன. உயிர் காக்கும் மருந்துக்காக ஓர் உயிரைப் பயன்படுத்துவது உணவுக்காக அறுப்பதைவிடத் தாழ்ந்த காரணமாகாது. ஆனால் அறுக்கும்போதும் கத்தியைத் தீட்டிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் இது. ஆட்டின் கண்முன்னே கத்தியைத் தீட்டியவரை, இரண்டு முறை கொல்ல நினைக்கிறீரா என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்துகொண்டார்கள். கொல்ல அனுமதி இருப்பதால் வதைக்கவும் அனுமதி கிடைத்துவிடாது. மேலும் நிர்ப்பந்தத்தால் அனுமதிக்கப்பட்டது நிர்ப்பந்தத்தின் அளவுக்கே அனுமதி என்பது ஃபிக்ஹு சட்டத்தில் மாறாத விதி.

இந்த விதியை வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் நெஞ்சில் தைக்கிறது. எதிர்ப்பொருளை ஏராளமாகப் பெற ஒரு வழி நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. கலப்பணுக்களைச் சுண்டெலியின் வயிற்றுக்குள் செலுத்திவிடுவார்கள். அவை அங்கே பெருகும். வயிற்றில் நீர் கோத்து வீங்கும். ஊசியால் அந்நீரை வடித்தெடுப்பார்கள். இருபது, இருபத்தைந்து கிராம் எடையுள்ள பிராணி, வீங்கிய வயிற்றுடன் மூச்சுவிடவும் வருந்திக் கிடக்கும். ஆரம்ப காலத்தில் வேறு வழி எளிதாக இல்லையென்று சொல்லலாம். பின்னர் அந்த அணுக்களைக் கண்ணாடிக் கலத்திலேயே வளர்க்கும் முறைகள் தேறிவிட்டன. ஐரோப்பிய நாடுகள் சில 1990-களில் வயிற்றுவழியைக் கட்டுப்படுத்தின. அமெரிக்காவிலும் 1999-இல் வந்த அறிக்கையொன்று, கலத்தில் வளர்ப்பதே வழக்கமாக இருக்க வேண்டும், எலியின் வயிறு தவிர்க்க முடியாத இடங்களுக்கு மட்டுமே என்ற கருத்தைச் சொன்னது. நேற்று நிர்ப்பந்தமாக இருந்தது இன்று வெறும் பழக்கமாகவும் சிக்கனமாகவும் சுருங்கிவிடுகிறது. அனுமதி அத்துடன் காலாவதியாகிவிட்டதை யாரும் வந்து அறிவிப்பதில்லை.

வேறொன்றும் உண்டு. அலிசனுக்குப் பரிசு கிடைத்த அதே 2018-இல், ஜார்ஜ் ஸ்மித், கிரகரி வின்டர் ஆகியோர் வேதியியல் பரிசில் பங்குபெற்றனர். கிருமிகளைத் தாக்கும் நுண்ணிய வைரஸ்களைக்கொண்டு, எந்தப் பிராணிக்கும் ஊசி போடாமலே எதிர்ப்பொருளைத் தேர்ந்தெடுக்கும் வழியை வகுத்தவர்கள் அவர்கள். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் அடாலிமுமேப் அவ்வைரஸ் முறையின் துணையுடன் உருவாகி 2002-இல் அங்கீகாரம் பெற்றது. இனி எதிர்ப்பொருளுக்காகப் பிராணிகளைப் பயன்படுத்த வேண்டாமென்று 2020-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வுகூடம் ஒன்று பரிந்துரைத்தது. விஞ்ஞானிகள் பலர் அதை மறுத்தனர்; பிராணியின் உடல் பண்படுத்தித் தருவதைப் போல் எல்லா இடத்திலும் இம்முறை தருவதில்லை என்றனர். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் தகுதி நமக்கில்லை. ஆனால் வழக்கு நடக்கிறதென்பதையாவது நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

பிராணியிடம் கண்டதெல்லாம் மனிதனுக்கு அப்படியே பொருந்துமென்ற நம்பிக்கையும் அளவோடிருக்கட்டும். 2006 மார்ச்சில் லண்டனில், ‘டி’ அணுவின் ஓர் ஏற்பியை முடுக்கும் எதிர்ப்பொருளை ஆறு வாலிபர்களுக்குச் செலுத்தினார்கள். குரங்குகளுக்குத் தீங்கிழைக்காத அளவில் ஐந்நூற்றில் ஒரு பங்குதான் அது. ஆறு பேரும் சில மணி நேரத்தில் மரணத்தின் வாயிலுக்குச் சென்றனர். அல்லாஹ்வின் அருளால் பிழைத்துக்கொண்டனர்.

நாம் அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்து, அன்று சொன்ன பதில் தவறென்று ஒப்புக்கொண்டோம். உன் மனம் மார்க்கத்துக்கு மாறாகப் பேசவில்லை, அம்மா. நாம் எடுத்த ஹதீதுதான் இடத்துக்குப் பொருந்தவில்லை என்றோம். அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு சொன்னாள்:

“பரிசோதனைக்கு எடுக்கிற எலியைப் பற்றிக்கூட எனக்கு அவ்வளவு இல்லை, மாமா. வேண்டிய மரபணு அமையாமல் பிறக்கும் குட்டிகள் இருக்கின்றனவே, அவற்றை எதற்கும் எடுப்பதில்லை. எண்ணி எழுதிவிட்டுக் கொன்றுவிடுகிறோம். அதுதான் எனக்கு.”

காரணமின்றிக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமையில் இறைவனிடம் முறையிடுமென்ற ஹதீது நம் நினைவுக்கு வந்தது. அவளுக்கும் அது வந்திருக்க வேண்டும். இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சிங்கப்பூரில் 2004 முதல் இத்தகைய ஆராய்ச்சிக்கு விதிகள் உண்டு; ஒவ்வொரு நிலையத்திலும் குழுவொன்று பரிசீலித்த பின்பே பிராணிகளைப் பயன்படுத்த முடியும். எத்தனை வேண்டுமென்று அந்தக் குழுவிடம் எழுதிக் கொடுக்கும் தாளில், எத்தனை வீணாகப் பிறக்கும் என்பதையும் குறைக்க வழியுண்டா என்று தன் ஆசிரியரிடம் கேட்கப்போவதாகச் சொன்னாள். தாங்கள் வாங்கும் எதிர்ப்பொருள் கலத்தில் வளர்த்ததா, வயிற்றில் வளர்த்ததா என்று விற்பவர்களுக்கும் கடிதம் எழுதிவிட்டாளாம். குப்பியின்மேல் அந்த விவரம் அச்சிட்டிருக்கவில்லை.

இதை அச்சுக்குக் கொடுக்கும் இன்றுவரை பதில் வரவில்லை.